மூன்று பேர் ஓய்வு கேட்டிருக்கிறார்கள்

வாசகர் கேள்வி – டீச்சர் பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். எழுதியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வெளியூர் வாசகர்களுக்காக விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். கோத்தகிரியில் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மதியம், சிலோன் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் கூடிப் பேசுகிற வழக்கம் உண்டு. மளிகைக் கடைக்கு மேலே ஒரு சின்ன ஹால், அதுதான் இடம். டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள், இன்னும் பார்க்கிறவர்கள், அவர்கள் பிள்ளைகள், திருப்பூரிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் லீவுக்கு வந்தவர்கள் எல்லாரும் வருவார்கள். இலங்கையின் அட்டனிலிருந்தோ லண்டனிலிருந்தோ ஊருக்கு வந்திருக்கும் சொந்தக்காரர்களும் சில சமயம் வந்து உட்காருவார்கள். குடியுரிமை, கூலி, குடியிருப்பு, கல்யாண வரன், காமன்-ரதி கதையை ஆடுகிற காமன் கூத்து என்று பேச்சு எங்கெங்கோ போகும். நானும் அங்கே போகிறவள்தான்.

இந்தக் கூட்டத்தைத் தூக்கி நிறுத்தியவர்கள் மூன்று பேர். ஒருவர் பழைய தொழிற்சங்கக்காரர், இன்னொருவர் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர், மூன்றாவது நம் பாட்டுக்கார அக்கா. போன கூட்டத்தின் கடைசியில் மூவரும் எழுந்து, சித்திரை வரைக்கும் தாங்கள் வரப்போவதில்லை, ஓய்வு வேண்டும் என்று சொன்னார்கள். அதற்குப் பிறகு வந்த கடிதங்கள்தான் இவை.

மூன்று பேரும் ஒரே சமயத்தில் போவது எங்களைக் கைவிடுவது இல்லையா டீச்சர்? எனக்கு அழுகையே வந்துவிட்டது.
– ஒரு வாசகி, பந்தலூர்

இல்லை மகளே. பந்தலூரிலிருந்து கோத்தகிரிக்கு எத்தனை பஸ் மாறி வருகிறாய் என்று எனக்குத் தெரியும். உன் வருத்தத்தைச் சின்னதாக நினைக்க மாட்டேன். ஆனால் அவர்கள் போன விதத்தைப் பார். எல்லார் முன்னாலும் நின்று சொன்னார்கள். எப்போது வரைக்கும் என்றும் சொன்னார்கள். எங்கள் மேல் யாருக்காவது மனத்தாங்கல் இருந்தால் இப்போதே கேளுங்கள் என்றும் கேட்டார்கள். கைவிடுகிறவர்கள் இப்படி விடைபெறுவதில்லை.

அவர்கள் இத்தனை காலம் என்ன சுமந்தார்கள் என்பதை நாம் சரியாகப் பார்த்ததில்லை என்றுதான் நினைக்கிறேன். கூட்டம் முடிந்து எல்லாரும் டீ குடிப்போம். போஸ்ட்மாஸ்டர் மட்டும் ஜன்னலோர பெஞ்சில் உட்கார்ந்து மனு எழுதிக்கொண்டிருப்பார். அவர் முன்னால் நிற்கிற வரிசை மாடிப்படி வரைக்கும் போகும். ஒவ்வொருவரும் பிளாஸ்டிக் கவரிலிருந்து மஞ்சளடித்த குடும்ப அட்டையை (ரேஷன் கார்டு இல்லை, இந்தியாவுக்குத் திரும்பும்போது கண்டியில் கொடுத்தது) எடுத்து நீட்டுவார்கள். மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்து அழிந்திருக்கும். அவர் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, கண்டியில் என்றைக்குக் கொடுத்தது, எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்று ஒவ்வொன்றாகப் படித்து எழுதிக்கொள்வார். ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இன்னொன்றுக்கு டாக்டர் தேதி கொடுத்தும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். ராத்திரி சாப்பாட்டு நேரத்தில்கூட வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்கள் உண்டு.

தொழிற்சங்கக்காரரை எடுத்துக்கொள். புதிதாக ஒரு பையன் வந்து, "நாம ஏன் தாத்தா இங்க வந்தோம்?" என்று கேட்டால் அவர் ஆரம்பத்திலிருந்து தொடங்குவார். 1948-இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். நம்மிடம் ஒரு வார்த்தை கேட்காமல் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். அந்த மிச்சத்தையும் 1974-இல் ஆளுக்குப் பாதியாக, 75,000 பேராக, பிரித்துக்கொண்டார்கள். இத்தனையையும் தாள் பார்க்காமல் சொல்வார். மாதா மாதம் அதையே சொல்வார். நாமும் உட்கார்ந்து கேட்டோம். கேட்டவர்களில் எழுதி வைத்துக்கொண்டது யார்? அவர் இருக்கிறார், அவருக்குத் தெரியும் என்று இருந்துவிட்டோம்.

அக்காவின் தொண்டை கட்டி மூன்று மாதமாகிறது. ஆனாலும் ஒரு துக்க வீட்டில் ஒப்பாரிக்குக் கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. தை முடிந்தால் காமன் கூத்துக்கு ரதி பாட்டு. அதுவும் அவளைத்தான் கேட்பார்கள்.

நீ அழுததில் தப்பில்லை. அப்புறம் ஒரு நோட்டு வாங்கு.

அகதிகள் விஷயத்தில் பெரிய சண்டை நடந்ததாமே? அந்தக் கோபத்தில்தான் போனார்கள் என்று குன்னூர் பஸ் ஸ்டாண்டில்கூடப் பேசிக்கொள்கிறார்கள்.
– பெயர் வேண்டாம், குன்னூர்

வாக்குவாதம் நடந்தது. மறைக்க வேண்டியது எதுவும் இல்லை.

நாம் ஒப்பந்தப்படி, கையில் பாஸ்போர்ட்டோடும் குடும்ப அட்டையோடும் வந்தவர்கள். தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் கேம்ப் வழியாக இந்த மலைக்கு வந்தோம். 1983 கலவரத்துக்குப் பிறகு வந்தவர்கள் உயிருக்குப் பயந்து படகேறியவர்கள். அவர்களிலும் மலையகத்துக்காரர்கள், அதாவது இலங்கைத் தேயிலை மலைகளைச் சேர்ந்தவர்கள், இருக்கிறார்கள். அவர்கள் பாட்டன்மாரும் நம் பாட்டன்மாரைப் போல இந்தப் பக்கத்திலிருந்து தேயிலைக்குப் போனவர்கள்தான். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பக்கத்துப் பக்கத்துக் காம்பிராவில் இருந்தவர்களாகக்கூட இருக்கலாம். நமக்கு இந்தியக் குடியுரிமை கிடைத்தது. அவர்களில் பலர் இன்னும் முகாம் பதிவிலேயே இருக்கிறார்கள். பிறந்த பிள்ளைகளும் அப்படியே.

முகாமிலிருந்து ஒரு குடும்பம் மனு எழுத உதவி கேட்டு வந்தது. எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார் தொழிற்சங்கக்காரர். நம் பிள்ளைகளின் சாதிச் சான்றிதழே இன்னும் கிடைக்கவில்லை, இதையும் இழுத்துப்போட்டால் அதிகாரிகள் நம்மையும் சந்தேகமாகப் பார்ப்பார்கள் என்றார்கள் இன்னொரு பக்கம். குரல் உயர்ந்தது. ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தார். கூட்டம் முடிந்து மழை பிடித்துக்கொண்டது. எதிரெதிராகப் பேசிய இரண்டு பேரும் ஒரே குடையில் டானிங்டன் வரைக்கும் நடந்து போனதை நானே பார்த்தேன்.

ஓய்வு எடுக்கும் யோசனை அதற்கு முன்னாலிருந்தே மூன்று பேரிடமும் இருந்தது. அக்கா என்னிடம் ஆடியிலேயே சொல்லியிருந்தாள். ஆகவே அந்தச் சண்டையை இதற்குக் காரணமாகச் சொல்லாதீர்கள். இப்படிச் சொன்னால் கூட்டத்தில் எதிர்த்துப் பேசவே ஆட்கள் பயப்படுவார்கள்.

என் கருத்தைக் கேட்டால், அந்தக் குடும்பத்துக்கு மனு எழுதிக் கொடுக்கத்தான் வேண்டும். குடியுரிமை இல்லாமல் வாழ்வது எப்படியிருக்கும் என்று நம்மைத் தவிர வேறு யார் அவர்களிடம் விளக்கம் கேட்காமல் புரிந்துகொள்வார்கள்?

அந்த மூவரில் ஒருவர் என் அப்பா. கூட்டத்துக்குப் போவதை நிறுத்தியதிலிருந்து வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார், பேச்சு குறைந்துவிட்டது என்று அம்மா போனில் அழுகிறார். நான் திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கிறேன். மறுபடி கூட்டத்துக்குப் போகச் சொல்லட்டுமா?
– மகன், திருப்பூர்

வேண்டாம் தம்பி. அவர் யோசித்து எடுத்த முடிவை நீங்களும் சேர்ந்து கலைக்காதீர்கள்.

பேசிப் பேசியே இருந்தவர் சும்மா இருக்கும்போது வீட்டில் இருப்பவர்களுக்குப் பயமாகத்தான் இருக்கும். அம்மாவிடம் சொல்லுங்கள்: வாசலில் உட்கார்ந்திருப்பதைக் கணக்கில் எடுக்க வேண்டாம், சாப்பாட்டையும் தூக்கத்தையும் பார்க்கட்டும். வேளைக்குச் சாப்பிடுகிறாரா, ராத்திரி தூங்குகிறாரா, குளிக்கிறாரா, பேரப்பிள்ளை பேசினால் முகம் மாறுகிறதா? இவை இருந்தால் விட்டுவிடலாம். சாப்பாடு ஒதுக்கி, தூக்கம் கெட்டு, "இனி என்ன இருக்கு" என்கிற மாதிரி பேச்சு வந்தால் நாள் கடத்தாமல் கோத்தகிரி அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அந்த ஆஸ்பத்திரிப் பயணத்துக்கு நீங்களே லீவு போட்டு வர வேண்டும். அம்மாவைத் தனியாக அனுப்ப வேண்டாம்.

இன்னொன்று. அவரிடம் கூட்டத்தைப் பற்றி யாரும் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். "எப்ப திரும்ப வருவீங்க" என்று வழியில் நிறுத்திக் கேட்கிறவர்கள் நிறைய இருப்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதே ஒரு வேலையாகிவிடும். நீங்கள் ஊருக்கு வரும்போது அவரோடு பேச விஷயமா இல்லை? பிள்ளைப் பிராயத்தில் வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் அதிகாலைக் குளிரில் நின்றது, கணக்கப்பிள்ளை பெயர் போட்டது, கொழுந்து எடை போட்டபோது நடந்த தகராறு என்று எத்தனையோ இருக்கும். ஊருக்காக ஆயிரம் தடவை சொன்னவர் பெற்ற மகனுக்கு உட்கார்ந்து சொல்லியிருக்க மாட்டார். நேரமே இருந்திருக்காது.

தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டுவது போலத்தானே இதுவும்? வெட்டினால் நன்றாகத் துளிர்க்கும். மூத்தவர்கள் ஒதுங்குவது நல்லதுதான்.
– தோட்டக்காரர், கூடலூர்

இந்த ஒப்புமையைக் கூட்டத்திலும் ஒருவர் சொன்னார். எனக்கு மனசு ஒப்பவில்லை. கவாத்து என்பது செடியைக் கேட்டு வெட்டுவது கிடையாது. அடுத்த வருஷக் கொழுந்துக்காகத் தோட்டக்காரர் வெட்டுகிறார். நம் மூவரையும் யாரும் வெட்டவில்லை, வெட்டவும் கூடாது.

நீங்கள் தோட்டக்காரர் என்பதால் ஒன்று ஞாபகப்படுத்துகிறேன். கவாத்துக்கு முன்னால் சில வாரம் கொழுந்து கிள்ளாமல் செடியைச் சும்மா விடுவார்கள், ஞாபகமிருக்கிறதா? வேரில் மாவுச்சத்து சேரட்டும் என்று. சேர்ந்ததா என்று பார்க்க வேரை நறுக்கி அயோடின் சொட்டு விடுவார்கள். கருநீலமானால்தான் கத்தி வைப்பார்கள். சத்தில்லாமல் வெட்டினால் செடி பட்டுப்போகும். ஒப்புமை சொல்லியே ஆக வேண்டும் என்றால் அந்தச் சும்மா விடுகிற சில வாரங்களைச் சொல்லுங்கள். மூத்தவர்கள் ஒதுங்கினால்தான் நல்லது என்கிற பேச்சை மட்டும் எங்கேயும் சொல்ல வேண்டாம். அவர்கள் காதுக்கு அது போனால் எப்படியிருக்கும்?

பெரிய தலைவர்கள் யாராவது இப்படி இடையில் ஒதுங்கி நின்ற உதாரணம் உண்டா? கல்லூரியில் பேச வேண்டியிருக்கிறது.
– மாணவர், ஊட்டி

நம் மலையோடு தொடர்புள்ள உதாரணமே இருக்கிறது. 1934 ஜனவரிக் கடைசியில் காந்தி ஹரிஜன யாத்திரையின் நடுவில் நீலகிரிக்கு வந்தார். குன்னூரில் தங்கினார், கோத்தகிரியிலும் ஊட்டியிலும் பேசினார். அதே வருஷம் அக்டோபரில், பம்பாய் மாநாட்டோடு, காங்கிரஸ் உறுப்பினர் பொறுப்பையே விட்டு விலகிக்கொண்டார். அவர் சொன்ன காரணங்களில் ஒன்று நீங்கள் மேடையில் சொல்ல வேண்டியது. கட்சியில் பலருக்குத் தன்னோடு கருத்து வேற்றுமை இருந்தும், தன் மேல் இருக்கிற மரியாதையால் வெளியே சொல்ல முடியாமல் இருக்கிறார்கள், தான் விலகினால் அவர்கள் தாராளமாக யோசிக்கலாம் என்றார். விலகியவர் சும்மா இருந்துவிடவில்லை. வார்தாவில் கிராமக் கைத்தொழில் வேலையில் இறங்கினார். கட்சிக்காரர்களும் யோசனை கேட்டு அவரைத் தேடிப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள்.

நம் கூட்டத்தில் தொழிற்சங்கக்காரர் வாய் திறந்துவிட்டால் அதற்கு மேல் யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கிறது. அவர் சொன்ன காரணமும் கிட்டத்தட்ட இதேதான்.

நான் அட்டனிலிருந்து அடுத்த மாதம் வருகிறேன். அந்த மூவரையும் வீட்டில் போய்ப் பார்க்கலாமா? பார்க்காமல் திரும்ப மனமில்லை.
– வாசகர், அட்டன், இலங்கை

அண்ணா, இந்தத் தடவை வேண்டாம். வருத்தப்படாதீர்கள். கடிதம் எழுதி என் முகவரிக்கு அனுப்புங்கள், கையில் கொடுத்துவிடுகிறேன்.

ஆனால் இரண்டாம் ஞாயிறு ஹாலுக்குக் கட்டாயம் வாருங்கள். 2023-இல் நீங்கள், நம்மவர்கள் தோட்ட வேலைக்குப் போய் 200 வருஷமானதை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தீர்களே, அந்த நடையைப் பற்றி எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். முதலில் போனவர்கள் அந்தக் காட்டு வழியில் நடந்தே போனார்கள், வழியில் காய்ச்சலிலும் பேதியிலும் எத்தனையோ பேர் செத்தார்கள் என்று புத்தகத்தில் படித்திருக்கிறோம். அதே தடத்தில் நடந்து வந்த ஒருவர் எதிரே உட்கார்ந்து சொன்னால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். 2003 சட்டத்துக்குப் பிறகு உங்களுக்குக் குடியுரிமை வந்த கதையும் இங்கே பலருக்குத் தெரியாது. எல்லாரும் திரும்பி வந்துவிட்டோம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

போஸ்ட்மாஸ்டர் இல்லாமல் சாதிச் சான்றிதழுக்கு யாரிடம் போவது? பையன் பிளஸ் டூ. எங்களுக்கு எழுதப் படிக்க வராது.
– தாய், சேரம்பாடி

அம்மா, போஸ்ட்மாஸ்டர் போகும்போது ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். இப்போது அது ஹாலில் அலமாரியில் இருக்கிறது. அதிலிருந்தும் எனக்குத் தெரிந்ததிலிருந்தும் சொல்கிறேன்.

முதலில் குடும்ப அட்டை. அதை மறுபடி மறுபடி மடித்துப் பையில் கொண்டுபோவதை இன்றோடு நிறுத்துங்கள். மடிக்காமல் ஒரு ஃபைலில் வைத்து, நாலைந்து ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். அசலைக் காட்டலாம், ஆனால் எந்த அலுவலகத்திலும் கொடுத்துவிட்டு வரக் கூடாது. ஒரு அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு "காணோம்" என்று சொன்னதால் ஒரு குடும்பம் பல வருஷம் அலைந்தது எனக்குத் தெரியும்.

ஆதிதிராவிடர் சான்றிதழ் என்றால் தாசில்தார் தருவார். பழங்குடியினர் சான்றிதழ் என்றால் கோட்டாட்சியர். விண்ணப்பம் இ-சேவை மையத்தில் பதிய வேண்டும். பதிந்ததும் ஒரு எண் வரும், அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். நம்மவர்களுக்குச் சிக்கல் எங்கே வருகிறது என்றால், நான் பார்த்த குடும்ப அட்டைகளில் சாதி இல்லை. பூர்வீகம் எது, உறவினர் யாருக்காவது சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பார்கள். அப்பா வழியில் யாருக்காவது, பெரியப்பா மகனுக்கோ சித்தப்பா மகளுக்கோ, முன்பே கொடுத்திருந்தால் அதன் நகல் பெரிய துணை. அவர்கள் கொளப்பள்ளியில் இருந்தாலும் வால்பாறையில் இருந்தாலும் தேடிப்பிடித்து வாங்குங்கள். பள்ளிக்கூட மாற்றுச் சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள்.

தள்ளுபடி செய்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்வதை ஒத்துக்கொண்டு திரும்ப வேண்டாம். எழுதித் தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்கலாம், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். திங்கட்கிழமை ஊட்டியில் கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் உண்டு, அங்கேயும் மனு கொடுக்கலாம். அப்படியும் நடக்கவில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி மக்களுக்கும் அங்கே வக்கீல் செலவில்லை.

எழுதிக் கொடுக்க ஆள் வேண்டும் என்கிறீர்கள். ஹாலில் இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் இப்போது அந்த ஜன்னலோர பெஞ்சில் உட்காருகிறார்கள். கையெழுத்து அவர் கையெழுத்து போல முத்து முத்தாக இருக்காது, நேரமும் அதிகம் பிடிக்கும். பையனையும் கூட்டி வாருங்கள். உங்கள் மனுவை உங்கள் பையனே எழுதட்டும், அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவார்கள்.

நாங்கள் படுகர். எங்கள் தோட்டத்தில் கொழுந்தெடுக்க வருகிற அம்மா மூலமாக இந்தக் கூட்டத்தைப் பற்றித் தெரியும். நாங்கள் வரலாமா?
– வாசகர், கோத்தகிரி அருகே

தாராளமாக வாருங்கள். பச்சைத் தேயிலை விலை விழுந்தால் உங்களுக்கும் கஷ்டம், கூலி குறைந்து எங்களுக்கும் கஷ்டம். 2009 நவம்பர் மண்சரிவில் ரோடெல்லாம் அறுந்து கிடந்தபோது உங்கள் ஊர்களிலிருந்து சோறு வந்ததை எங்கள் ஆட்கள் இன்னும் சொல்கிறார்கள்.

பல வருஷமாகக் கூட்டத்துக்கு வருகிறேன். டீ போட்டுக் கொடுப்பேன், பாத்திரம் கழுவுவேன், கேட்பேன். ஒரு நாளும் எழுந்து பேசியதில்லை. இப்போது அடுத்த கூட்டத்தை நீதான் நடத்த வேண்டும் என்கிறார்கள். தூக்கமே வரவில்லை டீச்சர். நான் எட்டாவதுதான் படித்தேன்.
– பெயர் வேண்டாம், கோத்தகிரி

உங்களை எனக்குத் தெரியும். உங்கள் பெயரைச் சொன்னதில் என் பங்கும் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை.

கூட்டம் நடத்த வரலாறு முழுவதும் தெரிய வேண்டியதில்லை. யார் கை தூக்கினார்கள், யார் இன்னும் பேசவில்லை, யார் ரொம்ப நேரம் பேசுகிறார்கள் என்று பார்க்கத் தெரிந்தால் போதும். டீ டம்ளரோடு ஹாலைச் சுற்றி வந்தவர் நீங்கள். யாருக்குச் சர்க்கரை கூடாது என்று தெரிந்தது போலவே, யாருக்கு மகன் வேலைக்குப் போகவில்லை, யார் வீட்டில் ஓய்வுபெற்றதும் குடியிருப்பைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள், யார் பேச வாயெடுத்துவிட்டு உட்கார்ந்துகொள்வார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். முன்னால் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அது தெரியாது.

டான்டீயை 1968-இல் அரசுத் திட்டமாகத் தொடங்கி 1976-இல் கழகமாக்கினார்கள். நமக்கு வேலை கொடுக்கத்தான் அது வந்தது. காட்டை ஒதுக்கி, குழி வெட்டி, நாற்று நட்டதில் பாதிப்பேர் பெண்கள். உங்கள் அம்மாவும் நட்டவர். மேடையில் அந்தக் கதையை ஆண்கள்தான் இதுவரைக்கும் சொல்லி வந்திருக்கிறார்கள். குழிக்கு எவ்வளவு ஆழம், மழையில் எப்படி நட்டார்கள், அட்டை கடித்தால் என்ன செய்தார்கள், பிள்ளையை எங்கே படுக்கவைத்தார்கள் என்று உங்கள் அம்மா உங்களிடம் சொன்னதை எனக்கு ஒரு நாள் சமையல்கட்டில் சொன்னீர்கள். அதே குரலில், அதே மாதிரி சொன்னால் போதும்.

ஒரே ஒரு நிபந்தனை. அன்றைக்கு டீ நீங்கள் போடக் கூடாது. ஆம்பிளைப் பிள்ளைகள் போடட்டும். பாத்திரமும் அவர்களே கழுவட்டும்.

சித்திரையில் மூவரும் திரும்பி வந்தால் பழைய இடத்தையே கொடுத்துவிட வேண்டுமா? அதற்குள் புதியவர்கள் பழகியிருப்பார்களே?
– வாசகர், மஞ்சூர்

அவர்களே இதற்கு வழி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். வந்தால் நடுவில் உட்காருவோம், கேட்டால் சொல்வோம் என்றார்கள். மனு பெஞ்சுக்குப் போஸ்ட்மாஸ்டர் திரும்பப் போவதில்லை, சந்தேகம் கேட்டால் மட்டும் பார்ப்பார். அக்கா இரண்டு பெண்களுக்கு ரதி பாட்டு சொல்லிக்கொடுக்கச் சம்மதித்திருக்கிறாள், அதுவும் தொண்டை சரியான பிறகு, அவள் வீட்டில், அவளுக்குத் தோதான நாளில். வரவே வேண்டாம் என்று தோன்றினாலும் அது அவர்கள் விருப்பம், யாரும் போய் வற்புறுத்தக் கூடாது.

அடுத்த கூட்டம் வழக்கம்போல இரண்டாம் ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு. முகாமிலிருந்து வந்த குடும்பத்தின் மனுவைத்தான் முதலில் எடுக்கிறோம். மழைக்காலம், மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் பஸ் நின்றுவிடும். தூரத்திலிருந்து வருகிறவர்கள் சனிக்கிழமையே வந்துவிடுங்கள். என் வீட்டிலும் பக்கத்து வீடுகளிலும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் படுக்க இடம் இருக்கிறது.